ஆலை காணப் போகுமுன்

சென்ற வாரம் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, படித்து முடித்த பின்பும் மேசையை விட்டு எடுத்து வைக்க மனம் வராத கடிதமாக இருந்தது. எழுதியவர் படுவான்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த ஓர் அன்னையார். அவருடைய கணவரைக் குடி கொண்டுபோய் ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதன் பின்னர் எருமைத் தயிர் விற்றே மகனை ஆளாக்கினார். மகன் இப்பொழுது கொழும்புப் பக்கத்திலே உணவு விஞ்ஞானம் பயில்கின்றான். வருகிற மாதம் அவ்வகுப்பு மாணவரைப் பியர் ஆலை ஒன்றைக் காண அழைத்துச் செல்லவிருக்கிறார்களாம்.

"போகாதே என்றால் படிப்பைக் கெடுத்தவள் ஆவேன். போ என்றால் எந்த வாயால் சொல்வேன்? அங்கே பார்க்க அப்படி என்னதான் இருக்கிறது, ஐயா?" என்று கேட்கிறார் அன்னையார்.

போகட்டும் என்பதே எம் விடை. ஆயினும் அவ்வளவில் கடிதத்தை மூடிவிடுதல் நியாயமன்று. "பார்க்க என்ன இருக்கிறது?" என்ற அவருடைய வினா, ஆலை காணச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் புறப்படுமுன் தம்மையே கேட்க வேண்டிய வினாவாகும். கேளாமற் போனால் விளைவது யாது என்பதை நாம் பட்டு அறிந்தோம்.

பல ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பு மாணவரைத் தொழிற்சாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். விடியுமுன் கல்லடிப் பாலம் கடந்தோம், வழியெல்லாம் பாட்டு, ஆலையிலே ஒருவர் முன்னே விரைந்து நடந்தார், நாற்பது பிள்ளைகள் பின்னே ஓடினர். இயந்திர இரைச்சலில் அவர் சொன்னது முன்வரிசைக்கு மாத்திரமே கேட்டது. மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னோம். முப்பத்தைந்து கட்டுரைகளில் மதிய உணவு விரிவாக வருணிக்கப்பட்டிருந்தது. பிழை பிள்ளைகளுடையதன்று, ஆலையினருடையதும் அன்று. எதைப் பார்ப்பது என்று சொல்லாமல் கூட்டிச் சென்ற ஆசிரியராகிய எம்முடையதே.

ஆலைக்குப் போய்ப் பார்ப்பதிலே வல்லவராக இருந்த ஆசிரியர் ஒருவரை இங்கே நினைவு கூர்தல் தகும். அவர் லூயி பாஸ்டர். 1856ஆம் ஆண்டில் அவர் பிரான்சின் லீல் நகரில் இரசாயனப் பேராசிரியராக இருந்தார். மாணவன் ஒருவனின் தந்தை, பீற்றுக்கிழங்குச் சாற்றிலிருந்து மதுசாரம் எடுக்கும் ஆலை உடையவர், அவரை நாடி வந்தார். சில தொட்டிகளில் மதுசாரம் விளையாமல் புளிப்பு விளைகிறது, காரணம் தெரியவில்லை என்றார். பாஸ்டர் ஆலைக்குப் போனார். நல்ல தொட்டியிலிருந்து ஒரு துளி, கெட்ட தொட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். நல்ல துளியிலே உருண்டை வடிவான மதுவங்கள் தெரிந்தன. கெட்ட துளியிலே மிகச் சிறிய கோல் வடிவான உயிர்கள் தெரிந்தன. அடுத்த ஆண்டு, 1857இல், பால் புளிப்பதைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. நொதித்தல் என்பது உயிர்களின் தொழில் என்ற உண்மை நிலைபெறத் தொடங்கிய வழி அது. ஒரு மாணவனின் வீட்டாருக்கு இருந்த கவலை, ஓர் ஆசிரியர் ஆலைக்குப் போய்ப் பார்த்த பார்வை ஆகிய இவ்விரண்டும் சேர்ந்தே அது பிறந்தது.

அன்னையார் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தொட்டியைக் கெடுத்த கோலுயிர்களின் உறவினமே அவருடைய சட்டியிலே பாலைத் தயிராக்குகின்றது. மதுவம் சர்க்கரையை மதுசாரமாக்கும். இவ்வுயிர் பாலின் சர்க்கரையைப் புளிப்பாக்கும். ஆகவே மகன் ஆலைக்குச் செல்லுமுன் முதற்பாடம் கற்க வேண்டிய இடம் தாயின் அடுக்களையே. காய்ச்சிய பாலை ஆறவைத்து, இளஞ்சூட்டிலே உறை ஊற்றுவது ஏன்? கொதிக்கும்போது ஊற்றினால் ஏன் உறையாது? சட்டியை மூடுவது ஏன்? இவற்றுக்கு விடை கூறத் தெரிந்த பிள்ளைக்கு ஆலையின் பாதி முன்னரே விளங்கியதாகும்.

இரண்டாவது பாடம் மரத்தின் மேல் இருக்கின்றது. நம் பகுதியில் அறியாதார் இல்லை: முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பனை தருவது கருப்பநீர், தடவாது கட்டினால் அதே பாளை தருவது கள். சாறு ஒன்றே, முட்டி ஒன்றே. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவங்கள் இனிப்பைக் கண்டதும் தொழிலைத் தொடங்கிவிடுகின்றன. சுண்ணாம்பின் காரத்திலே அவை பெருகமாட்டா. குழந்தைக்குக் கொடுக்கும் பானத்துக்கும் குடும்பத்தைக் கெடுக்கும் பானத்துக்கும் இடையே இருப்பது விரலளவு சுண்ணாம்பு. அப்ப மாவிலே சிறிது கள் விட்டுப் புளிக்க வைப்பதும் இத்தொழிலே. எழுகின்ற வாயு மாவைப் பொங்கச் செய்கிறது. உண்டான சிறிதளவு மதுசாரம் சட்டியின் சூட்டில் பெரும்பாலும் ஆவியாகிவிடுகிறது.

தமிழருக்கு இது புதிய செய்தியும் அன்று. பத்துப்பாட்டிலே பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் களியை அகன்ற வாயுடைய தட்டிலே ஆற்றி, அதனோடு அடை கலந்து, உறுதியான சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து விளைவித்துப் பிழியும் முறையைக் கூறுகின்றது. ஆற்றுதல், கலத்தல், காலங் கடத்தல், பிழிதல் என்று படிமுறை தவறாமல் சொல்லிய புலவரின் கண் ஆலை காணச் சென்ற நல்ல மாணவனின் கண் ஆகும். அதே தமிழிலேதான் வள்ளுவரும் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். செய்முறையை அறிதலும் உண்ணாமையைப் போற்றுதலும் ஒரே மொழியில், ஒரே மரபில் அருகருகே வாழ்ந்து வந்திருக்கின்றன.

இனி ஆலைக்குள் நுழைவோம். தம்பி, முதலில் ஒரு சொல் திருத்தம். பியர் ஆலை வேறு, வடிசாலை வேறு. தானியச் சாற்றை நொதிக்க வைப்பதோடு நிற்பது பியர் ஆலை. நொதித்ததைச் சூடாக்கி, ஆவியைக் குளிரவைத்து மதுசாரத்தைப் பிரித்தெடுப்பது வடிசாலை. தென்னங்கள்ளைச் சாராயமாக்குவது அங்கே. இவ்வேறுபாடு அறியாது போவோர் இல்லாத வடிகலனைத் தேடிக்கொண்டிருப்பர்.

தானிய அறையில் முளைகட்டி உலர்த்திய பார்லி இருக்கும். அனுமதி கேட்டு நாலைந்து மணியை வாயிலிட்டு மெல்லுக. இனிக்கும். பார்லி முளைக்கும்போது தன்னுள் இருக்கும் மாப்பொருளைச் சர்க்கரையாக்கும் நொதியங்களைத் தானே உண்டாக்கிக் கொள்கின்றது. சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பதும் உமிழ்நீரில் அவ்வகை நொதியம் இருப்பதாலேயாம்.

அடுத்தது பிசையும் தொட்டி. அரைத்த முளைத்தானியத்தை வெந்நீரில் கலந்து ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் சூட்டிலே ஒரு மணி நேரம் அளவில் வைப்பர். அங்கே கேட்க வேண்டிய வினா: "சூடு 80 பாகைக்கு ஏறிவிட்டால் என்ன நிகழும்?" நொதியங்கள் செயலிழந்துவிடும்; சர்க்கரை விளையாது. கொதிக்கும் பாலில் உறை ஊற்றிய கதையே. பின்னர் சாற்றை வடித்து, ஹொப்ஸ் என்னும் கொடியின் பூவோடு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமற் கொதிக்க வைப்பர். பியரின் கசப்பு அப்பூவினுடையது. கெடுக்கும் கிருமிகள் சிலவற்றை அது தடுப்பதும் உண்டு.

நொதிக்கும் தொட்டியின் அருகே சென்றதும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து ஒரு கணக்கு எழுதுக. 180 கிராம் குளுக்கோசு முழுவதும் நொதித்தால் 92 கிராம் மதுசாரமும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் கிடைக்கும். இனிப்பின் ஏறத்தாழப் பாதி வாயுவாகிப் போகின்றது. அவ்வாயு எங்கே போகிறது என்று கேட்க. அது காற்றினும் கனமானது. தொட்டியிலும் பள்ளத்திலும் கண்ணுக்குத் தெரியாமற் தேங்கும். குனிந்து மூச்செடுப்பவன் மயங்கி விழுவான். மூடிய கிணற்றுள் இறங்கியோர் மாண்ட செய்திகளிலும் இவ்வாயு காரணமாவதுண்டு. ஆகவே எட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குக. அலுவலர் கோடிட்ட இடத்திலேயே நிற்க.

இவ்வாயுவை வியந்து பார்த்த விருந்தினர் ஒருவர் உண்டு. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்குச் சமயபோதகராக வந்த ஜோசப் பிரீஸ்ற்லியின் வீட்டருகே பியர் ஆலை ஒன்று இருந்தது. அவர் அங்கே சென்று தொட்டியின் மேல் எரியும் குச்சியைப் பிடித்தார், அது அணைந்தது. அவ்வாயுவை நீரிலே கலந்து பார்த்தார். நீர் இதமான சுவை பெற்றது. 1772இல் அம்முறையை நூலாக வெளியிட்டார். இன்று நம் பிள்ளைகள் குடிக்கும் சோடா அங்கிருந்து வந்தது. பியர் ஆலைக்குப் போனவர் மது இல்லாத பானத்தோடு திரும்பினார்.

தொட்டியைச் சுற்றிக் குளிர் ஏன் என்றும் கேட்க. நம் நாட்டில் பெரும்பாலும் செய்யப்படும் லாகர் வகைப் பியர் குளிரிலே மெல்ல நொதிப்பது. அதனாலேயே 19ஆம் நூற்றாண்டில் வெள்ளையர் நுவரெலியாவின் குளிரை நாடி அங்கே ஆலை வைத்தனர். பின்னர் குளிரூட்டும் பொறி வந்தது. 1990களில் வெப்பமான பியகமவிலும் பேராலை எழ முடிந்தது. அப்பொறியின் வரலாறும் ஆலையோடு பிணைந்ததே. 1870களில் ஜேர்மனியரான கார்ல் வொன் லிண்டே பியர் ஆலையாரின் உதவியோடுதான் தம் குளிரூட்டும் பொறிகளை உருவாக்கினார். வாவியிலும் கடலிலும் பிடித்த மீனை ஐஸ் இட்டுத் தூர ஊர்களுக்கு அனுப்பும் நம் மீனவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

ஆலையிலே மாணவன் தவறவிடக்கூடாத அறை ஆய்வுகூடம். பெரும்பாலோர் அதனைக் கண்ணாடி வழியே ஒரு கணம் பார்த்துவிட்டு நடந்துவிடுவர். 1871இல் பாஸ்டர் இலண்டனில் விட்பிரெட் என்னும் பேராலைக்குச் சென்றார். மதுவத்திலே சிறிது கேட்டு வாங்கி நுணுக்குக்காட்டியில் பார்த்து, இதிலே வேண்டாத உயிர்கள் கலந்துள்ளன என்றார். ஆலையார் முதலில் திகைத்தனர். பின்னர் தங்கள் பியர் கெட்டுப்போவதுண்டு என ஒப்புக்கொண்டனர். ஒரு வாரத்துக்குள் அவர் மறுபடி சென்றபோது ஆலையிலே புதிய நுணுக்குக்காட்டி ஒன்று வாங்கி வைக்கப்பட்டிருந்தது. பார்க்கப் போனவர் அவ்வாலைக்கே பார்க்கக் கற்பித்துவிட்டு வந்தார்.

டென்மார்க்கிலே கார்ல்ஸ்பேர்க் ஆலையார் 1875இல் ஆய்வுகூடம் நிறுவினர். அங்கே 1883இல் எமில் ஹான்சன் ஒரே ஒரு மதுவக் கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்துக் காட்டினார். அங்கேயே 1909இல் சோரன்சன் அமிலம் காரம் என்பவற்றை அளக்கும் பீ.எச். அளவுகோலை வகுத்தார். முட்டியின் சுண்ணாம்பு என்ன செய்கின்றது என்பதை எண்ணாற் சொல்ல உதவும் அளவுகோல் அதுவே. அயர்லாந்தின் டப்ளின் நகரிலே கின்னஸ் ஆலையில் வேலை செய்த கொசெற் என்பவர், சில மாதிரிகளை மட்டும் பார்த்து முழுவதையும் பற்றி எவ்வளவு துணிந்து சொல்லலாம் என்று ஆராய்ந்து 1908இல் கட்டுரை எழுதினார். புள்ளிவிபரவியல் கற்போர் இன்றும் அவர் வகுத்த சோதனையைப் பயன்படுத்துகின்றனர். ஆலையின் பெயர் வெளிவராதிருக்கும் பொருட்டு அவர் சூடிய புனைபெயர் "மாணவன்" என்பது. தம்பி, அப்பெயர் உனக்கும் உரியதல்லவா?

இவை எல்லாம் ஆலையார் மகிழ்ந்து காட்டுபவை. காட்டாதவற்றையும் பணிவோடு கேட்டு அறிதல் வேண்டும். ஒரு லீற்றர் பியருக்கு எத்தனை லீற்றர் நீர் செலவாகிறது? எத்துணை சிக்கனமான ஆலையிலும் அது ஒரு லீற்றராக இராது, பன்மடங்காகவே இருக்கும். கழுவிய நீர் எங்கே செல்கிறது? இனிப்பும் மதுவமும் கலந்த நீரைச் சுத்தி செய்யாமல் விட்டால், நீரிலுள்ள ஒட்சிசனைக் கிருமிகள் தின்றுவிட மீன் மூச்சு முட்டி மிதக்கும். ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் வாவியின் கரையிலே வாழும் நமக்கு இது ஏட்டு வினா அன்று. சாறெடுத்த சக்கை என்னவாகிறது? அது நல்ல மாட்டுத் தீனி. எருமை வளர்க்கும் வீட்டுப் பிள்ளை கேட்டு வரத்தக்க செய்தி. ஒரு போத்தலின் விலையிலே அரசாங்க வரி எவ்வளவு? தொழிலாளருக்கு இரைச்சலிலிருந்து காதைக் காக்க என்ன வைத்திருக்கிறார்கள்? இவ்வினாக்களை வழிகாட்டியிடம் மாத்திரமன்றி, இடங்கொடுத்தால், போத்தல் கழுவும் இடத்தில் நிற்கும் தொழிலாளரிடமும் கேட்க. அவர் சொல்வது பெரும்பாலும் சுருக்கமாகவும் உண்மையாகவும் இருக்கும்.

செல்லும் ஒழுங்கைப் பற்றிச் சில சொற்கள். மூடிய சப்பாத்து அணிக. தரை ஈரமாக இருக்கும். தளர்ந்த உடை, தொங்கும் சால்வை வேண்டா. படம் எடுக்குமுன் அனுமதி பெறுக. பத்துப் பேருக்கு ஒரு வினாவாக முன்னரே பகிர்ந்து கொள்க. எல்லோரும் எல்லாவற்றையும் எழுத முயன்றால் ஒருவரும் ஒன்றையும் எழுதார். அன்றிரவே குறிப்புகளைத் தொகுத்து எழுதிவிடுக. மறுநாள் மறதி பாதியை உண்டுவிடும்.

கடைசியாகச் சுற்றுலா முடிவடையும் அறை. அங்கே கிண்ணங்கள் அடுக்கியிருப்பர். சுவைத்துப் பாருங்கள் என்பர். 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம். வயது நிரம்பியவரும் "வேண்டாம், நன்றி" என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. சுவை அறியாமல் கல்வி நிறைவு பெறாதே என்று நண்பர் நகைப்பராயின், நச்சு மருந்தைச் சுவைத்தா இரசாயனம் படித்தோம் என்று கேட்க. மதுபானம் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1988இலேயே வகைப்படுத்தியது. எந்த அளவும் உடல்நலத்துக்குத் தீங்கற்றது எனச் சொல்வதற்கில்லை என்று அந்நிறுவனம் 2023இல் அறிவித்தது. விஞ்ஞானம் ஆய்வுகூடத்தில் மாத்திரம் அன்று, இந்த அறையிலும் பேசுகின்றது.

ஆலை என்றால் எதிர்த்தே நிற்க வேண்டும் என்பாரும் நம்மிடையே உண்டு. 2017இல் கல்குடாவில் எரிசாராய ஆலை எழுவதை எதிர்த்து நம் மாவட்ட மக்கள் குரல் எழுப்பினர். அக்குரலின் பின்னே இருந்த வீடுகளின் துயரை நாம் அறிவோம். அன்னையாரின் வீடும் அத்தகையதே. ஆயினும் எதிர்ப்பவருக்கும் அறிவு வேண்டும். எவ்வளவு நீர், என்ன கழிவு, எவ்வளவு வரி, யாருக்கு இலாபம் என்று கேட்கத் தெரிந்தவரின் எதிர்ப்பையே அதிகாரிகள் எளிதில் ஒதுக்க மாட்டார்கள். அவ்வினாக்களைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகளை உண்டாக்குவது எம்மைப் போன்ற ஆசிரியரின் கடன்.

சகோதரியே, உங்கள் கடிதத்தின் ஓரத்திலே, எழுதலாமோ வேண்டாமோ என்று நடுங்கிய கையினால் எழுதியது போல, இன்னொரு வரியும் இருந்தது: "இதைச் செய்கிறவர்கள் எங்களைப் போன்ற வீடுகளை நினைப்பார்களா?" எம்மிடம் இதற்கு விடை இல்லை. இவ்வினாவை உங்கள் மகனின் நோட்டுப் புத்தகத்திலே முதற் பக்கத்தில் உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள். அவன் அதனை ஆலையாரிடம் மரியாதையோடு கேட்கட்டும். அவர்கள் சொல்லும் விடையை, அல்லது சொல்லாமல் விடும் மௌனத்தை, அப்படியே எழுதி வரட்டும்.

அவன் விடுமுறைக்கு வரும்போது, தயிர்ச் சட்டிகளின் நடுவே உங்களருகில் அமர்ந்து, தான் கண்டதை எல்லாம் உங்களுக்கு விளங்கும் தமிழில் சொல்லட்டும். எங்கேனும் தடுமாறினால் நிறுத்திக் கேளுங்கள். உறை ஊற்றும் சூடு எது என்பதை முப்பது ஆண்டுகளாக விரலால் அறிந்தவர் நீங்கள். அவனுக்குச் சொல்லிக் கொடுக்க உங்களிடமும் பாடம் உண்டு. பயணம் இனிதாகுக.